சிறு கைகளுக்கு ஒரு சிறு நூல்

நோயுற்றுப் படுத்திருக்கும் ஐந்து வயதுச் சிறுவனை எவ்வாறு மகிழ்விப்பது? 1893ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த பியாட்ரிக்ஸ் பாட்டர் இந்தச் சிந்தனையோடு கடிதம் எழுத அமர்ந்தார். அச்சிறுவனின் பெயர் நோயல். பியாட்ரிக்சுக்கு முன்பு பாடம் கற்பித்த ஆசிரியையின் மூத்த மகன் அவன். அவனுக்கு எழுதப் புதிய செய்தி எதுவும் இல்லாததால், நான்கு முயல்குட்டிகளின் கதையைப் படங்களோடு எழுதி அனுப்பினார். தாயின் சொல்லை மீறித் தோட்டத்திற்குள் புகுந்து, தோட்டக்காரரிடம் அகப்படாமல் உயிர்தப்பி ஓடிவரும் பீட்டர் என்னும் முயலின் கதை அது. பிற்காலத்தில் உலகக் குழந்தைகள் விரும்பிப் படித்த ஒரு நூலுக்கு அக்கடிதமே வித்தாயிற்று.

பியாட்ரிக்ஸ் 1866ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் இலண்டனில் ஒரு செல்வக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தம்பி பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பியாட்ரிக்சுக்கோ, அக்கால வழக்கப்படி, வீட்டிலேயே ஆசிரியைகள் பாடம் கற்பித்தனர். தோழிகள் இல்லாத குறையை முயல், எலி, முள்ளெலி முதலிய வளர்ப்பு உயிரினங்கள் போக்கின. அவர் அவற்றைக் கொஞ்சி விளையாடியதோடு நின்றுவிடவில்லை. முயலின் காது எவ்வாறு மடிகிறது, அது பாயும்போது கால்கள் எவ்வாறு நீளுகின்றன என்பனவற்றைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்து வரைந்தார். பின்னாளில் அவர் வரைந்த முயல் நீலச் சட்டை அணிந்திருந்தாலும், அதன் உடலமைப்பு உண்மையான முயலின் உடலமைப்பாகவே இருந்தது. அதற்குக் காரணம் இந்தப் பயிற்சியே ஆகும்.

வசதியான வீட்டுப் பெண்கள் வேலைக்குச் சென்று பொருள் ஈட்டுவதை அக்காலச் சமுதாயம் விரும்பவில்லை. ஆனால், தம் கையால் சம்பாதிக்க வேண்டும் என்ற எண்ணம் பியாட்ரிக்சின் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது. தாம் வளர்த்த பெஞ்சமின் என்னும் முயலை மாதிரியாகக் கொண்டு அவர் சில படங்களை வரைந்தார். 1890ஆம் ஆண்டில் வாழ்த்து அட்டை நிறுவனம் ஒன்று அவற்றை 6 பவுண்டு கொடுத்து வாங்கிக்கொண்டது. எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளத்திற்குச் சேராத ஒரு தன்னுரிமை ஓவியரின் பயணம் அவ்வாறு தொடங்கியது.

அதே காலத்தில் அவருடைய ஆர்வம் அறிவியல் பக்கமும் திரும்பியது. காட்டில் வளரும் காளான்களைச் சேகரித்து, நுண்ணோக்கியின் உதவியோடு ஆராய்ந்து, நூற்றுக்கணக்கான நீர்வண்ண ஓவியங்களைத் தீட்டினார். காளானின் நுண்வித்துகள் முளைப்பது பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். 1897ஆம் ஆண்டில் இலண்டன் லின்னேயன் கழகத்தில் அக்கட்டுரை முன்வைக்கப்பட்டது. ஆனால், அக்கழகத்தின் கூட்டங்களில் பெண்களுக்கு அப்போது இடமில்லை. ஆதலால், தம்முடைய ஆய்வு முன்வைக்கப்பட்ட கூட்டத்திலேயே அவரால் கலந்துகொள்ள இயலவில்லை. அக்கட்டுரை அச்சேறவும் இல்லை. ஒரு கதவு அவ்வாறு மூடிக்கொண்டது.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, நோயலுக்கு எழுதிய கதையை நூலாக்க அவர் எண்ணினார். நோயல் அக்கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தான். பியாட்ரிக்ஸ் அதைக் கேட்டு வாங்கி, கதையை விரித்து எழுதிப் பதிப்பகங்களுக்கு அனுப்பினார். ஒன்றன்பின் ஒன்றாகப் பதிப்பகங்கள் மறுத்தன. நூலின் அளவும் விலையும் முக்கியமான சிக்கலாக இருந்தன. குழந்தையின் கைக்கு அடக்கமாக நூல் சிறியதாக இருக்க வேண்டும், எளிய குடும்பங்களும் வாங்கும் வகையில் விலை குறைவாக இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பெரிய நூலாக்கி அதிக விலைக்கு விற்கும் யோசனைக்கு அவர் இணங்கவில்லை.

மனம் தளராத பியாட்ரிக்ஸ், 1901ஆம் ஆண்டு டிசம்பரில் தம் சேமிப்பைக் கொண்டு 250 படிகளைத் தாமே அச்சிட்டார். அவை விரைவில் தீர்ந்துபோனதால், அடுத்த சில வாரங்களில் மேலும் 200 படிகள் தேவைப்பட்டன. முன்பு தயங்கிய பிரெடரிக் வார்ன் பதிப்பகம் இப்போது நூலை வெளியிட முன்வந்தது. ஆனால், படங்கள் அனைத்தும் வண்ணத்தில் இருக்க வேண்டும் என்று அது விரும்பியது. கருப்பு வெள்ளைக் கோட்டோவியங்களே போதும் என்று நினைத்திருந்த பியாட்ரிக்ஸ், இதில் விட்டுக்கொடுத்தார். அளவிலும் விலையிலும் விட்டுக்கொடுக்கவில்லை. 1902ஆம் ஆண்டு அக்டோபரில் ‘பீட்டர் முயலின் கதை’ வெளிவந்தது. முதலில் அச்சிட்ட 8,000 படிகளும் வெளியீட்டிற்கு முன்னரே விற்றுவிட்டன.

அவர் தம் உழைப்பின் பயனைக் காக்கவும் அறிந்திருந்தார். 1903ஆம் ஆண்டில் பீட்டர் முயலைப் பொம்மையாகத் தம் கையால் தைத்து, அதன் வடிவமைப்பை அரசு அலுவலகத்தில் பதிவு செய்தார். அதன்பின் பலகை விளையாட்டு, சுவர்த்தாள் எனப் பீட்டரின் உருவம் பல பொருள்களில் இடம்பெற்றது. ஆனால், அமெரிக்காவில் அந்நூலுக்குப் பதிப்புரிமை பதிவு செய்யப்படாததால், அங்குப் பலர் அதை அனுமதியின்றி அச்சிட்டு விற்றனர். அந்த விற்பனையால் அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. இந்த இழப்புக்குப் பிறகு உரிமைகள் தொடர்பில் அவர் மேலும் விழிப்பாக இருந்தார்.

நூல்களை உருவாக்கியபோது, பதிப்பாளர் குடும்பத்தைச் சேர்ந்த நார்மன் வார்ன் அவருக்கு உறுதுணையாக இருந்தார். 1905ஆம் ஆண்டு ஜூலையில், பியாட்ரிக்சின் பெற்றோர் எதிர்த்தபோதும், இருவரும் திருமணம் செய்துகொள்ள முடிவெடுத்தனர். ஒரே மாதத்தில், இரத்தப் புற்றுநோயால் நார்மன் காலமானார். இடி விழுந்தாற்போன்ற அந்தத் துயரத்திலும் பியாட்ரிக்ஸ் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. நூல்களால் கிடைத்த வருமானத்தோடு, உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பணத்தையும் சேர்த்து, இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ‘ஹில் டாப்’ என்னும் சிறு பண்ணையை வாங்கினார். அப்பண்ணையின் வாத்துகளும் பூனைகளும் படிக்கட்டும் தோட்டமும் அவருடைய அடுத்தடுத்த நூல்களில் இடம்பிடித்தன. மொத்தம் 23 சிறு கதைநூல்களை அவர் படைத்தார்.

1913ஆம் ஆண்டில் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிசை மணந்த பிறகு, அவருடைய கவனம் பெரும்பாலும் வேளாண்மையில் சென்றது. பார்வையும் மங்கத் தொடங்கியதால் ஓவியப் பணி குறைந்தது. மலைப்பகுதிக்கே உரிய ‘ஹெர்ட்விக்’ இனச் செம்மறியாடுகளை வளர்த்துப் பரிசுகள் வென்றார். நிலங்கள் துண்டாடப்பட்டு மாளிகைகள் எழும்பினால் அப்பகுதியின் இயற்கை அழகும் உழவர்களின் வாழ்வும் அழிந்துவிடும் என்று அஞ்சினார். ஆகவே, பண்ணை பண்ணையாக வாங்கிப் பாதுகாத்தார். 1943ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் அவர் மறைந்தபோது, 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை ‘நேஷனல் டிரஸ்ட்’ என்னும் பாதுகாப்பு அமைப்புக்கு விட்டுச்சென்றார். இன்றும் அங்கு ஆடுகள் மேய்கின்றன.

மூடிய கதவுகளும் வீண்போகவில்லை. காளான் ஓவியங்களில் 59 ஓவியங்கள், அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1967ஆம் ஆண்டில் ஓர் அறிவியல் நூலில் இடம்பெற்றன. லின்னேயன் கழகமும் அவருக்கு உரிய மதிப்பு அளிக்கப்படவில்லை என்பதை நூறாண்டுகளுக்குப் பிறகு ஒப்புக்கொண்டது.

தன் கையே தனக்கு உதவி என்பது நம் முன்னோர் வாக்கு. பியாட்ரிக்ஸ் பாட்டர் வசதியான வீட்டில் பிறந்தவர்தாம். ஆயினும், தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை அந்த வசதி அவருக்குத் தரவில்லை. அவ்வுரிமையை அவருடைய உழைப்பே பெற்றுத் தந்தது. எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார். நூலகத்தில் உள்ளங்கை அளவேயான அந்தச் சிறு நூலைக் காணும்போது, ஒரு குழந்தையின் கைக்காக அவர் பிடித்த பிடிவாதத்தை நாம் நினைத்துப் பார்க்கலாம்.