உள்ளத்தின் மருத்துவர் கிரீந்திரசேகர போஸ்

நம் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைப் பேசுவோர், 1921 முதல் 1930 வரை அதன் துணைவேந்தராக விளங்கிய வங்கப் பேரறிஞர் பிரஜேந்திரநாத் சீல் அவர்களை மறப்பதில்லை. அவர் காலத்தில்தான், 1924-ஆம் ஆண்டில், மகாராஜா கல்லூரியில் உளநூலுக்கெனத் தனித்துறை தோன்றிற்று. இலண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்று வந்த பேராசிரியர் எம். வி. கோபாலஸ்வாமி அதன் தலைமையை ஏற்றார். 1935-இல் தம் இல்லத்திலிருந்தே வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியவரும் அவரே; ஆகாசவாணி என்னும் பெயர் அந்த வானொலிக்குத்தான் முதலில் வழங்கிற்று.

சீல் அவர்களுக்கு உளநூல் புதியதன்று. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அதனைப் பாடமாக்குதற்கு 1905-லேயே திட்டம் வகுத்துத் தந்தவர் அவர். 1916-இல் அங்குத் துறை தொடங்கப்பெற்றபோது, முதல் மாணவர் குழுவில் ஒருவராக வந்து அமர்ந்தவர், ஏற்கெனவே ஊரில் பெயர்பெற்ற மருத்துவர் ஒருவர். அவரே டாக்டர் கிரீந்திரசேகர போஸ். இந்தியாவின் முதல் உளப்பகுப்பு மருத்துவராகிய அவரது வாழ்வை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம்.

போஸ் 1887-இல் பீகாரின் தர்பங்காவில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர போஸ் தர்பங்கா மகாராஜாவின் அலுவலில் உயர்பதவி வகித்தவர். பரசுராமர் என்னும் புனைபெயரில் வங்கம் முழுவதையும் நகைக்கவைத்த எழுத்தாளர் ராஜசேகர போஸ் இவருடைய தமையனார். கிரீந்திரசேகரர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1910-இல் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்திலேயே மாயவித்தையிலும், மனத்தை வயப்படுத்தித் துயிலச்செய்யும் கலையிலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. உடலில் யாதொரு பழுதும் காணாதபோதும் துன்புறும் நோயாளிகளை அக்கலையைக் கொண்டு ஆராயத் தொடங்கியவர், படிப்படியாக அதனைக் கைவிட்டு, அவர்களைப் பேசவிட்டுக் கேட்கும் முறையை மேற்கொண்டார். வியன்னாவில் ஃபிராய்டு எழுதியவற்றுள் சிலவே அன்று ஆங்கிலத்தில் வந்திருந்தன. இத்துறையில் புகுவோர் முதலில் தாமே ஒருவரிடம் பகுப்புக்கு உட்பட வேண்டும் என்னும் விதி பிற்காலத்தில் ஏற்பட்டது. போஸுக்கு அத்தகைய குரு எவரும் வாய்க்கவில்லை. நோயாளிகளே அவருக்கு ஆசிரியர்.

1917-இல் உளநூலில் முதுகலைப் பட்டமும், 1921-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். எண்ணங்கள் நனவிலி மனத்துள் ஒடுக்கப்படும் வகையை ஆராய்ந்த தம் நூலை அவர் ஃபிராய்டுக்கு அனுப்பினார். இத்தனை தொலைவிலுள்ள நாட்டில் தம் கொள்கைக்கு இவ்வளவு ஊக்கமான வரவேற்பா என்று ஃபிராய்டு வியந்து விடை எழுதினார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1937 வரை நீடித்தது. இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. ஒருமுறை, போஸின் நண்பரான ஓவியர் யதீந்திரகுமார் சென், ஃபிராய்டைப் பாராமலே கற்பனையில் அவர் உருவத்தை வரைய, போஸ் அதனை வியன்னாவுக்கு அனுப்பிவைத்தார். தம்மை முழு ஆங்கிலேயராகவே ஆக்கிவிட்டார்கள் என்று ஃபிராய்டு தம் தோழி ஒருவருக்கு வேடிக்கையாக எழுதினாராம்!

1922-இல் பார்சிபாகான் தெருவிலிருந்த போஸின் இல்லத்தில் இந்திய உளப்பகுப்புச் சங்கம் தோன்றிற்று. இறுதிவரை அவரே அதன் தலைவர். தொடக்க உறுப்பினருள் ஆங்கிலேயர் இருவரும் இருந்தனர். பெர்க்லி ஹில், டேலி என்னும் அவ்விருவரும் இந்துக்களின் இயல்பையே ஒரு நோய்போல் வருணித்துக் கட்டுரைகள் எழுதினர். நாட்டை ஆள்வோர் எழுதிய எழுத்து அது. அதற்கு மேனாட்டுக் கலையின் முத்திரையும் இருந்தது. அக்கலையையே தூக்கி எறிந்துவிடப் பிறரைத் தூண்டியிருக்கும். போஸோ வாதுக்கு எழாமல், தம்மிடம் வந்த இந்திய நோயாளிகளின் உள்ளத்தில் கண்டதைக் குறித்துக்கொண்டே வந்தார்.

அவர் கண்டதுதான் என்ன? ஒவ்வோர் ஆசையும் தன் எதிர் ஆசையோடு சேர்ந்தே பிறக்கிறது என்பது அவர் கொள்கை. அடிக்க விரும்புபவனுக்குள் அடிபடும் விருப்பமும் ஒளிந்து கிடக்கும். மேலதிகாரி தன்னை இழிவு செய்கிறார் என ஓயாது அஞ்சும் ஒருவனைக் கொள்வோம். அவனையே அதிகாரியின் இருக்கையில் அமர்ந்திருப்பதாகக் கற்பனை செய்யச் சொல்லி, மீண்டும் பழைய நிலைக்குக் கொணர்ந்து, இவ்வாறு மாறிமாறி எண்ணச் செய்தால் ஒடுங்கிய ஆசை வெளிப்படும் என்றார். 1929-இல் தம் கட்டுரைகள் பதின்மூன்றை ஃபிராய்டுக்கு அனுப்பியபோது, ஐரோப்பியரிடம் வலுவாகக் காணப்படும் தந்தை பற்றிய அச்சம் இந்திய நோயாளிகளிடம் அத்துணை வலுவாக இல்லை என்றும், பெண்ணாக வேண்டும் என்னும் மறைந்த விருப்பம் இந்திய ஆடவரிடம் எளிதில் வெளிப்படுகிறது என்றும் எழுதினார். ஃபிராய்டு மரியாதையுடன் படித்தார். ஆனால் எதிர் ஆசைக் கொள்கை வடிவத்தைச் சொல்கிறதேயன்றி உள்ளத்தின் இயக்கத்தைச் சொல்லவில்லை எனக் கருதினார். போஸ் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவுமில்லை, நட்பை முறிக்கவுமில்லை. ஃபிராய்டோடு மாறுபட்ட ஐரோப்பிய மாணவர் சிலர் பகைத்துப் பிரிந்ததை எண்ணும்போது இது நமக்கு வியப்பையே தருகிறது.

குறையும் ஒன்று உண்டு. கல்கத்தாவில் போஸை மறுத்துரைக்க அவருக்கு ஒப்பானவர் எவரும் இல்லை. சங்கத்தாரில் பலர் அவர் மாணவர். சங்கம் கூடுவதோ அவர் இல்லம். மறுக்கப்படாத கொள்கை கூர்மை அடைவது அரிதன்றோ?

பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்து, துறைத்தலைவராகவும் இருந்தார். ஆயினும் அவருடைய தொண்டில் நம் நெஞ்சைத் தொடுவது 1933-இல் நிகழ்ந்தது. அவ்வாண்டில் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோயாளிகளுக்கெனப் புறநோயாளர் பிரிவு ஒன்றை அவர் திறந்தார். பொது மருத்துவமனையில் இத்தகைய பிரிவு இந்நாட்டில் அதுவே முதல். மனம் பேதலித்தவரைப் பைத்தியக்கார மருத்துவமனையின் மதிலுக்குள் அனுப்புவது, அல்லது வீட்டின் பின்னறையில் மறைத்துவைப்பது. அன்று வேறு வழி எது? பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமே என்று அஞ்சி, உடன்பிறந்தவனின் நோயை உறவினருக்கும் சொல்லாத குடும்பங்களை நாமும் கண்டிருக்கிறோம். காய்ச்சலுக்கு மருந்து வாங்க வருவோர் நுழையும் அதே வாயிலால் இவர்களும் நுழைந்து வீடு திரும்பலாம் என்றாக்கினார் போஸ். 1940-இல் தமையனார் ராஜசேகரர் தில்ஜலாவில் அளித்த மனையில் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை எழுந்தது. தருண் சந்திர சின்ஹா போன்ற மாணவர் அப்பணியில் உடனின்று உழைத்தனர். சங்கத்தின் ஆங்கில இதழாகிய சமீக்ஷா 1947-இல் தொடங்கிற்று.

தாய்மொழியையும் அவர் மறக்கவில்லை. கனவைப் பற்றிய நூலை வங்காளியிலேயே எழுதினார். புராணங்களின் காலவரிசையை ஆராய்ந்தார்; கீதைக்கு உளநூல் நோக்கில் உரை கண்டார். சிவப்பெறும்பும் கறுப்பெறும்பும் போரிடும் குழந்தைக் கதை ஒன்றும் அவர் கைவண்ணமே.

1953-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் அவர் மறைந்தார்.

1931-இல், ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளையொட்டி, போஸின் சங்கம் தந்தத்தாலான திருமால் சிலை ஒன்றை வியன்னாவுக்கு அனுப்பியிருந்தது. ஃபிராய்டு அதனைத் தம் எழுதும் மேசையில் வைத்தார். சில நாளில் தந்தத்தில் வெடிப்புக் கண்டது; கல்கத்தாவில் பழகிய கடவுளுக்கு வியன்னாவின் பருவநிலை ஒவ்வவில்லையோ என்று அவர் எழுதிவைத்தார். 1938-இல் நாட்டை விட்டு இலண்டனுக்குச் செல்ல நேர்ந்தபோது சிலையும் உடன் சென்றது. காட்சியகமாக விளங்கும் அந்த இலண்டன் இல்லத்தில் திருமால் இன்றும் இருக்கிறார்.