மதுரை பேர் கொண்ட பாம்பு

மதுரையிலிருந்து திண்டுக்கல் பஸ்ல போகும்போது வாடிப்பட்டி பக்கம் சிறுமலை தெரியும். ஹெட்போனைக் கழற்றிட்டு ஒரு நிமிஷம் பாருங்க. அந்த மலை மண்ணுக்குள்ள வாழுற ஒரு பாம்பின் அறிவியல் பெயரில் திண்டுக்கல் இருக்கு. தள்ளி நிற்கிற பழனி மலையின் இன்னொரு பாம்புக்கு மதுரையோட பேர். இரண்டையும் 1877-இல் உலகத்துக்குச் சொன்னவர் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம்.

1830-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். வீட்டில் வக்கீலாக்கப் பார்த்தாங்க. அவரோ 18 வயசில் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்துட்டார். (வீட்டுக்காகப் படிக்கிற கூட்டம் நம்ம வகுப்பிலும் உண்டுதானே!) 1857-இல் வனத்துறை. 1860 முதல் 1882 வரை அதன் தலைவர். மரம், பெரணி, தவளை, பல்லி என்று எதையும் விடலை. ஆனா அவரைப் பிடித்து வைத்தது கேடயவால் பாம்புகள்தான். விஷமில்லாதவை, மண்ணுக்குள்ளேயே வாழ்பவை, ஒன்றைப் பார்த்தா இன்னொன்று மாதிரியே இருப்பவை.

அப்போ எப்படிப் பிரிக்கிறது? நிறத்தை நம்ப முடியாது, சாராய ஜாடியில் போட்டா வெளுத்துடும். செதில் எண்ணிக்கை அப்படியே நிற்கும். குட்டியாகப் பிறக்கும்போது உள்ள செதில் கணக்குதான் சாகும்வரை. சட்டை உரித்தாலும் மாறாது. உடலின் நடுவில், வயிற்றுத் தகட்டை விட்டுட்டு, ஒரு ஓரத்திலிருந்து முதுகைத் தாண்டி மறு ஓரம்வரை சாய்வாக எண்ணணும். விடை பெரும்பாலும் ஒற்றைப்படை. ஏன்னு யோசிங்க: முதுகின் நடுவில் ஒரே வரிசை, இரண்டு பக்கமும் சமம். திண்டுக்கல் பாம்புக்கு 17, மதுரை பாம்புக்கு 15. அடுத்து வயிற்றுத் தகடுகளைக் கழுத்திலிருந்து எண்ணணும். பல பாம்புகளில் ஒரு தகட்டுக்கு ஒரு முதுகெலும்பு, அதனால் தோலை அறுக்காமலே எலும்புக் கணக்கு கிடைச்சிடும். கேடயவாலில் இந்தத் தகடுகள் ரொம்பக் குறுகலானவை. லென்ஸ் வெச்சு எண்ணினாலும் கண் வலிக்கும். வனத்துறையையும் நடத்திக்கிட்டு அவர் இதைச் செய்தார்.

இந்தக் கணக்கு இல்லாட்டி எல்லா மலையிலும் ஒரே பாம்புதான்னு நினைச்சிருப்போம். சிறுமலையில் அழிஞ்சா பக்கத்து மலையில் இருக்குமேன்னு விட்டிருப்போம். அது அங்கே இல்லைங்க. மலையை விட்டு இறங்கி, வெயில் காயும் சமவெளியைக் கடந்து அடுத்த மலைக்குப் போக அதால முடியாது.

பெட்டோம் 1911-இல் இங்கிலாந்தில் இறந்தார். அதுக்கு இரண்டு வருஷம் முன்னாடி, இலங்கையில் பிறந்த டாக்டர் ஃபிராங்க் வால், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பூனைப் பாம்புக்கு அவர் பேரை வெச்சார். அதுக்கு நடுவுடலில் 19 வரிசை.