யோகத்தில் எழுந்தருளியிருந்த ஸ்ரீமந் நாதமுனிகள்

திவ்யப்ரபந்தம் ஸேவிக்கப்படும் ஸந்நிதிகளிலெல்லாம் முதலில் நன்றியுடன் நினைக்கப்பட வேண்டிய ஆசார்யர் ஸ்ரீமந் நாதமுனிகள். வழக்கொழிந்து கிடந்த ஆழ்வார்களின் அருளிச்செயல்களைத் தேடிக் கொணர்ந்து உலகிற்கு அளித்தவர் என்பதால் வைணவர் அனைவரும் அவரை அறிவர். அவர் அஷ்டாங்க யோகத்தில் கரைகண்டவர் என்பதும், அந்த யோக பலத்தைக் கொண்டே ப்ரபந்தத்தை மீட்டார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் அளித்த இரு செல்வங்களில் ஒன்று இன்றும் வீதிகளில் கோஷ்டியாக முழங்குகிறது. மற்றொன்று ஒரே ஒரு நாள் தவறியதால் கைவிட்டுப் போயிற்று. அந்த வரலாறு உத்ஸவத்திற்கு வந்திருக்கும் அடியார்கள் அறியத் தக்கது.

சிதம்பரத்திற்குத் தென்மேற்கே காட்டுமன்னார்கோயில் என வழங்கும் திருத்தலமே பண்டைய வீரநாராயணபுரம். 907 முதல் 955 வரை ஆண்ட முதலாம் பராந்தக சோழனுக்கு வீரநாராயணன் என்பது விருதுப் பெயர். அவன் பெயராலேயே ஊரும், வீராணம் என்று மருவி இன்று வழங்கும் பேரேரியும் அமைந்தன. அவ்வூரில் மன்னனார் ஸந்நிதிக் கைங்கர்யத்தில் ஈடுபட்டிருந்த சொட்டைக் குலத்தில், ஈச்வர பட்டரின் திருக்குமாரராக ஆனி மாதம் அனுஷ நக்ஷத்ரத்தில் நாதமுனிகள் அவதரித்தார். ஸ்ரீரங்கநாதன் என்பது அவருக்கு இட்ட திருநாமம். குருபரம்பரைக் கணக்கு அவரது அவதாரத்தை 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வைக்கிறது. சரித்திர ஆராய்ச்சியாளர்கள் 10ஆம் நூற்றாண்டை ஒட்டிக் கொள்கின்றனர். இருவேறு கணக்கினாலும் அவரது பெருமைக்குக் குறைவொன்றும் வந்துவிடாது.

இளமையில் திருத்தகப்பனாருடனும் குமாரர் ஈச்வரமுனியுடனும் குடும்ப ஸஹிதமாக வடநாட்டு யாத்திரை சென்றார். வடமதுரை, ப்ருந்தாவனம், கோவர்த்தனம், த்வாரகை, அயோத்தி முதலிய தலங்களை ஸேவித்து, யமுனைக் கரையில் சில காலம் தங்கியிருந்தார். அங்கேயே வாழ்நாளைக் கழித்து விடலாம் என்று எண்ணியிருந்த வேளையில், மன்னனார் ஸ்வப்னத்தில் தோன்றி ஊர் திரும்பும்படி நியமித்ததாகச் சொல்லுவர். மீண்டு வந்து பழையபடி கோயில் கைங்கர்யத்தை மேற்கொண்டார். யமுனைத் துறையின் நினைவு மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை. பிற்காலத்தில் பேரனுக்கு யமுனைத்துறைவன் என்று திருநாமம் சாற்றப்பட்டதும் அதனாலேயே.

அந்நாளில் மேல்நாட்டிலிருந்து வந்த சில ஸ்ரீவைஷ்ணவர்கள் மன்னனார் ஸந்நிதியில் நின்று, திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான திருவாய்மொழிப் பதிகத்தை ஸேவித்தனர். அதன் முடிவுப் பாசுரம், இவை ஆயிரத்துள் பத்து என்று தெரிவித்தது. எஞ்சியவற்றையும் ஸேவிக்கும்படி நாதமுனிகள் வேண்ட, தங்களுக்குத் தெரிந்தது அப்பத்து மட்டுமே என்றனர். அச்செய்தி அவரை உறங்கவிடவில்லை. திருக்குடந்தை சென்று விசாரித்தார், அங்கும் கிடைக்கவில்லை. பதிகத்தில் குருகூர் என்ற பெயர் இருந்தமையால் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியை நோக்கி நடந்தார்.

அங்கே மதுரகவி ஆழ்வாரின் சிஷ்ய வர்க்கத்தில் வந்த பராங்குசதாஸர் என்ற பெரியவர் எழுந்தருளியிருந்தார். ப்ரபந்தம் அவரிடமும் இல்லை. நம்மாழ்வார் விஷயமாக மதுரகவிகள் அருளிய கண்ணிநுண்சிறுத்தாம்பு ஒன்று மட்டும் இருந்தது. ஆழ்வாரின் திருவடிகளை ஏகாக்ர சித்தத்தோடு த்யானித்து, அதைப் பன்னீராயிரம் உரு ஜபித்தால் ஆழ்வார் ப்ரஸன்னராவார் என்று அவர் உபதேசித்தார். நாதமுனிகள் ஆழ்வார் வீற்றிருந்த புளியமரத்தடியில் அமர்ந்தார்.

இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். கண்ணிநுண்சிறுத்தாம்பு பதினொரு பாசுரம். நிறுத்திச் சேவித்தால் ஒரு முறைக்கு நான்கு நிமிஷமாவது ஆகும். பன்னீராயிரம் முறை என்றால் 48,000 நிமிஷம். அதாவது 800 மணி நேரம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் அசையாது அமர்ந்தாலும் நூறு நாள் வேண்டும். கதையாகக் கேட்கும்போது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. செய்து பார்ப்பவனுக்கோ முதல் நாளிலேயே முழங்கால் கடுக்கும், இடுப்பு நோகும், மூன்றாம் நாள் மனம் வீட்டு வாசலில் போய் நிற்கும், குரல் கம்மும். ஆஸனம் ஸித்தித்த உடலும், ப்ராணாயாமத்தால் வசப்பட்ட மூச்சும், புலன்களை உள்ளே இழுத்து நிறுத்தும் ப்ரத்யாஹாரமும் இல்லாதவருக்கு இது இயலாத காரியம். யமம், நியமம், ஆஸனம், ப்ராணாயாமம், ப்ரத்யாஹாரம், தாரணை, த்யானம், ஸமாதி என்று சாஸ்த்ரம் எட்டு அங்கங்களை வரிசைப்படுத்தியது வீணுக்கன்று. உடலைத் தள்ளிவிட்டு மனத்தை மட்டும் பிடிக்க முயல்பவன் இரண்டையும் இழப்பான். உடலை மட்டும் வளைத்துப் பழகி அத்தோடு நின்றுவிடுபவன் வாசற்படியிலிருந்தே வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புபவன். பகவத் கீதையின் ஆறாம் அத்யாயத்தில் கண்ணன் ஆஸனத்தின் உயரத்தையும் விரிப்பையும் பற்றிச் சொல்லி, உணவிலும் உறக்கத்திலும் அளவை வற்புறுத்துகிறான். வயிற்றைப் பற்றிப் பேசாமல் அவன் ஸமாதியைப் பற்றிப் பேசவில்லை என்பது கவனிக்கத் தக்கது.

பன்னீராயிரம் உரு நிறைவுற்றபோது நாதமுனிகள் யோக ஸமாதியில் இருந்தார். அந்நிலையில் நம்மாழ்வார் ஸாக்ஷாத்கரித்து, தம்முடைய ப்ரபந்தங்களையும் ஏனைய ஆழ்வார்களின் ப்ரபந்தங்களையும் பொருளோடு அருளி, யோக ரஹஸ்யத்தையும் உபதேசித்தார் என்று குருபரம்பரை கூறும். ஆழ்வாரோ பதினாறு ஆண்டு அம்மரத்தடியிலேயே யோகத்தில் எழுந்தருளியிருந்தவர். ஆகவே யோகியிடமிருந்து யோகி பெற்றார் என்பதே பொருத்தம்.

ஊர் திரும்பிய நாதமுனிகள், மருமக்களாகிய கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் ப்ரபந்தத்தைக் கற்பித்து, பண்ணும் தாளமும் சேர்த்துத் தேவகானத்தில் பாடும்படி செய்தார். இன்று அரையர் ஸேவை என்று வழங்குவதற்கு மூலம் அதுவே. திருவரங்கத்தில் அத்யயன உத்ஸவத்தை மீண்டும் சீராக நடத்தி வைத்தவரும் அவரே. அவருடைய இசை ஞானத்தைக் குறித்து ஒரு வரலாறு உண்டு. தேவகானம் பாடும் கணிகை ஒருத்தியின் பாட்டைச் சோழ அரசன் மதிக்காதிருக்க, நாதமுனிகள் அதன் அருமையை அறிந்து பாராட்டினார். அரசன் அவரைச் சோதிக்கக் கருதிப் பல தாளங்களை ஒரே சமயத்தில் தட்டச் செய்தான். அவரோ ஒவ்வொன்றின் எடையையும் தனித்தனியே சொல்லி வியப்பில் ஆழ்த்தினார். செவியின் கூர்மை என்று இதைச் சொல்லிவிடலாம். ஒரு பொருளில் சித்தத்தை நிறுத்தவல்ல தாரணையின் பயன் என்று கொள்வதே தகும்.

அவருடைய நாள் எவ்வாறு கழிந்தது என்பதை ஊகிக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பாஞ்சராத்ர சாஸ்த்ரம் வைஷ்ணவனுடைய ஒரு நாளை ஐந்தாகப் பகுத்திருக்கிறது. காலையில் பகவானை அணுகும் அபிகமனம், பின் ஆராதனத்திற்கு வேண்டியவற்றைத் திரட்டும் உபாதானம், நடுப்பகலில் ஆராதனமாகிய இஜ்யை, அதன்பின் ஓதுவதும் ஓதுவிப்பதுமாகிய ஸ்வாத்யாயம், இரவில் யோகம். பூப்பறிப்பதும் தளிகை செய்வதும் எவ்வளவு கடமையோ, இரவில் மூச்சையும் மனத்தையும் அடக்கிப் பகவானிடத்தில் ஒடுங்குவதும் அவ்வளவே கடமை. காட்டிலும் குகையிலும் செய்யத்தக்கதாகப் பலர் எண்ணும் யோகம், மனைவி மக்களோடு வாழ்ந்து கோயில் கைங்கர்யமும் செய்த ஒருவருக்கு நித்ய கர்மமாக இருந்தது.

ந்யாயதத்த்வம், யோகரஹஸ்யம் என்பன அவர் இயற்றிய நூல்களுள் சேர்ந்தவை. முன்னதிலிருந்து சில பகுதிகளை வேதாந்த தேசிகர் எடுத்தாண்டிருக்கிறார். பின்னது கிடைக்கவில்லை.

சிஷ்யர்களுள் இருவர் முக்யமானவர். திருவெள்ளறையில் அவதரித்த புண்டரீகாக்ஷர் ஒருவர். நாதமுனிகளின் தேவிகளான அரவிந்தப்பாவையைப் பிறந்தகமாகிய வங்கிபுரத்து ஆச்சியின் திருமாளிகைக்கு அழைத்துச் சென்றபோது, அவ்விடத்தார் வேறுபாடு பாராட்டிப் பழஞ்சோறு இட்டும், அதை ப்ரஸாதமாகக் கருதி மகிழ்ந்து உண்டவர். அது கேட்டு ஆசார்யர் உகந்து அழைத்ததால் உய்யக்கொண்டார் என்ற திருநாமம் பெற்றார். மற்றொருவர் குருகைக் காவலப்பன். உய்யக்கொண்டாரிடம், யோகத்தைக் கற்று ஸ்வானுபவத்தில் ஆழ்வதா, ப்ரபந்தத்தையும் அதன் பொருளையும் பெற்று உலகிற்கு உபதேசிப்பதா என்று நாதமுனிகள் வினவினார். உலகத்தார் ஸம்ஸாரத்தில் அழுந்திக் கிடக்கையில் தாம் தனித்திருந்து ஆனந்திப்பது, சாவு வீட்டில் மணவிழாக் கொண்டாடுவது போலாகும் என்று சொல்லி அவர் ப்ரபந்தத்தையே வேண்டினார். யோக ரஹஸ்யம் காவலப்பனுக்கு உபதேசிக்கப்பட்டது. பிறக்கவிருக்கும் பேரனுக்கு இவ்விரு செல்வங்களும் சென்று சேர வேண்டும் என்பது நாதமுனிகளின் திருவுள்ளம்.

இறுதிக் காலத்தில் அவருடைய த்யானத்திற்கும் விழிப்புக்கும் எல்லை அழிந்திருந்தது. அரசன் தேவியரோடு மன்னனாரை ஸேவித்துத் திரும்பியபோது, கண்ணன் கோபியரோடு செல்கிறான் என்று எண்ணிப் பின்தொடர்ந்தார். மற்றொரு நாள் வில்லேந்திய இருவரும், பெண்ணொருத்தியும், ஒரு குரங்கும் திருமாளிகைக்கு வந்து அவரைத் தேடிச் சென்றதாகத் திருமகளார் தெரிவித்தார். சக்கரவர்த்தித் திருமகனும் இளைய பெருமாளும் பிராட்டியும் அனுமனுமே வந்து மீண்டனர் என்று துணிந்து, அடிச்சுவட்டைத் தேடிக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரம் வரை ஓடினார். எங்கும் காணாமல் தரியாது விழுந்து, அவ்விடத்திலேயே திருநாட்டை அலங்கரித்தார். அந்நகரை அமைத்தவன் 1012 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் ராஜேந்த்ரன் ஆதலால், பின்னாளில் வரலாறு எழுதியவர்கள் தம் காலத்துப் பெயரை முன்னைய இடத்திற்கு இட்டனர் என்று கொள்ளலாம்.

அவ்விடத்திற்கு அருகிலேயே காவலப்பன் யோகத்தில் அமர்ந்து காலம் கழித்தார். ஆண்டுகள் பல சென்றன. உய்யக்கொண்டாரின் சிஷ்யரான மணக்கால் நம்பி, பேரனார் யமுனைத்துறைவரைத் திருத்திப் பணிகொண்டு ஆளவந்தாராக உயர்த்தினார். நாதமுனிகளின் யோக ரஹஸ்யம் காவலப்பனிடம் இருப்பதையும் அவரே தெரிவித்தார். ஆளவந்தார் சென்றபோது காவலப்பன் இடிந்த சுவரொன்றை ஒட்டி ஸமாதியில் இருந்தார். அதைக் கலைக்க மனமின்றிச் சுவருக்குப் பின்னால் அரவமில்லாமல் நின்றார் ஆளவந்தார். சற்றுநேரத்தில் காவலப்பன் கண் திறந்து, சொட்டைக் குலத்தார் எவரேனும் வந்திருப்பதுண்டோ என்று வினவினார். எவ்வாறு அறிந்தீர் என்று கேட்க, தாமும் பெருமாளுமாக அனுபவித்துக் கொண்டிருக்கையில் பிராட்டியே அணைத்தாலும் அவள் முகம் பாராத பெருமான், இன்று தம் கழுத்தை அமுக்கிக்கொண்டு பின்புறம் எட்டி எட்டிப் பார்த்தான் என்றும், நாதமுனிகளின் குலத்தார்க்கன்றி அவன் அப்படிச் செய்யமாட்டான் என்றும் விடை கூறினார்.

யோகத்தை உபதேசிக்க இசைந்து, தாம் சரீரம் விடப்போகும் நாளை ஒரு சிறு ஓலையில் குறித்துக் கொடுத்து, அதற்குள் வரும்படி சொல்லி அனுப்பினார். ஆளவந்தார் திருவரங்கம் மீண்டார். அத்யயன உத்ஸவத்தில் அரையர் திருவனந்தபுரத்துப் பதிகத்தை உருகிப் பாட, அதைத் தமக்கு இட்ட நியமனமாகக் கொண்டு அனந்தபுரத்திற்குப் புறப்பட்டுவிட்டார். அங்கே ஸேவித்து நிற்கையில் ஓலையின் நினைவு வந்தது. எடுத்துப் பார்த்தார்; குறித்த நாள் அன்றே. கங்கைகொண்ட சோழபுரமோ பல நாள் நடைவழி. புஷ்பக விமானம் ஒன்று இல்லாமற் போயிற்றே என்று வருந்தினார். காவலப்பன் அன்று திருநாடு எய்தினார். ஓலையில் எழுதி வைத்தால் மிஞ்சும் கல்வியன்று அது. மூச்சு எங்கே நிற்க வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்பதை ஆசார்யன் எதிரிலிருந்து பார்த்துத் திருத்த வேண்டும். கொடுக்க இருந்தவரும் பெற இருந்தவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தும் கைமாறவில்லை. உய்யக்கொண்டார் வழியாக வந்த ப்ரபந்தமோ ஆளவந்தாரையும், அவர்க்குப் பின் எம்பெருமானாரையும் அடைந்து, பெண்டிரும் பாமரரும் ஸேவிக்கும்படி நாடெங்கும் பரவியது.

இதற்குப் பின்னுரையாக ஒரு செய்தி. நாதமுனிகளின் வம்சத்தில் தோன்றியவராகத் தம்மைக் கூறிக்கொண்ட திருமலை க்ருஷ்ணமாசார்யர் 1888இல் கர்நாடகத்துச் சித்ரதுர்க்கத்தைச் சேர்ந்த முசுகுந்தபுரத்தில் பிறந்தார். பதினாறாம் வயதில் ஆழ்வார்திருநகரிக்குச் சென்றபோது நாதமுனிகள் காட்சி தந்து யோகரஹஸ்யத்தை உபதேசித்ததாக அவர் சொல்லி வந்தார். மைசூர் ஜகன்மோஹன அரண்மனை யோகசாலையில் பல்லாண்டு கற்பித்து, 1950களில் சென்னைக்குக் குடிபெயர்ந்து, 1989இல் நூறு வயதில் மறைந்தார். அவர் வாய்வழி கிடைத்த ச்லோகங்கள் யோகரஹஸ்யம் என்ற பெயரில் அச்சாகியுள்ளன. வயதுக்கும் நோய்க்கும் தக்கபடி யோகத்தை மாற்றிக் கொள்வதையும், கர்ப்பிணிப் பெண்கள் அப்யஸிக்க வேண்டியதையும் அவை பேசுகின்றன. மறைந்த பழைய நூல் இதுவே என்று ஆராய்ச்சியாளர் ஒப்புவதில்லை. சிஷ்யர்கள் ஐயமின்றி ஏற்கின்றனர். அவர் காட்சி பெற்றதாகச் சொன்ன இடம் அங்குள்ள ஒரு மாந்தோப்பு; நாதமுனிகள் பன்னீராயிரம் உரு ஜபித்ததோ திருப்புளியமரத்தடியில். ஆழ்வார்திருநகரிக்கு எழுந்தருளும் அடியார்கள் ஆதிநாதர் ஸந்நிதியில் அம்மரத்தை இன்றும் ஸேவிக்கலாம்.