ஜூலியஸ் ரோஸன்வால்டு: தர்மத்திற்குத் தவணை குறித்த வள்ளல்

பொருள் படைத்தோர் பலர். அதனைத் தர்மத்திற்கு ஈந்தோர் சிலர். ஈந்த பொருள் எண்ணிய பயனை அளிக்கின்றதா என்று ஆராய்ந்தோரோ மிகச் சிலரேயாவர். அம்மிகச் சிலருள் ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாட்டு வணிகராகிய ஜூலியஸ் ரோஸன்வால்டு என்னும் பெரியார். சங்கந்தோறும் கல்வி நிதி வைத்து நடத்தும் நம்மனோர்க்கு அவர் சரிதை பெரிதும் பயன்படுமாதலின், அதனை ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

இவர் 1862-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ஆம் தேதி இல்லினாய் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், ஜெர்மனியினின்றும் குடியேறிய யூதக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் துணி வாணிகர். ரோஸன்வால்டு இளமையிலேயே நியூயார்க் நகரஞ் சென்று, தம் மாமன்மாரிடம் ஆயத்த ஆடைத் தொழிலைப் பயின்றார். பின்னர்ச் சிக்காகோவில் தொழில் நடத்தி, 1895-இல் தபால் மூலம் சரக்கு விற்கும் சியர்ஸ் ரோபக் கம்பெனியிற் பங்கு கொண்டார்; 1908-இல் அதன் தலைவருமானார். கம்பெனி தழைத்தது, அவர் செல்வமும் பெருகிற்று.

அக்காலத்துத் தென் மாகாணங்களில் கறுப்பின மக்கள் அடிமைத்தளை நீங்கியும் கல்வியின்றி வாடினர். அவர்தம் சிறுவர் பலர்க்குப் பள்ளிக்கூடமென ஒரு கட்டடமும் இல்லை. அடிமையாய்ப் பிறந்து ஆசிரியராய் உயர்ந்த புக்கர் வாஷிங்டன் என்பாரின் சுயசரிதை ரோஸன்வால்டின் உள்ளத்தை உருக்கிற்று. 1911-இல் இருவரும் சந்தித்து நண்பராயினர். மறு ஆண்டு தமது ஐம்பதாம் பிறந்த நாளில் இவர் வழங்கிய பல கொடைகளுள், வாஷிங்டன் நடத்திய டஸ்கீகிக் கலாசாலைக்கு அளித்த 25,000 டாலரும் ஒன்று. அதில் ஒரு பகுதியைக்கொண்டு அலபாமா நாட்டுப்புறத்தில் ஆறு சிறு பள்ளிகளைச் சோதனையாகக் கட்டுவோமென வாஷிங்டன் வேண்ட, இவரும் இசைந்தார். இங்ஙனம் ஆறு பள்ளிகளில் தொடங்கிய முயற்சி 1932-ஆம் ஆண்டு முடிவதற்குள் பதினைந்து மாகாணங்களிற் பரவி, ஆசிரியர் இல்லங்களும் தொழிற்கூடங்களும் உட்பட 5,357 கட்டடங்களாய் விரிந்தது.

இவ்வளவும் ஒருவர் பொருளால் நிகழ்ந்ததன்று. ரோஸன்வால்டு முழுச் செலவையும் ஏற்க ஒருபோதும் உடன்பட்டிலர். ஊரார் தம் பங்கைத் திரட்டல்வேண்டும். அரசாங்கமும் தன் பங்கை அளித்துப் பள்ளியை ஏற்று நடத்தல்வேண்டும். அவ்வழியே தாமும் உதவுவதென்பது அவர் விதித்த நிபந்தனை. செலவான சுமார் 284 லட்சம் டாலரில் அவர் தரப்பிலிருந்து வந்தது ஏறத்தாழ 44 லட்சமே. கறுப்பின மக்கள் அதனினும் மிகுதியாய் 47 லட்சம் ஈந்தனர். வரிப்பணத்தினின்று 181 லட்சம் கிடைத்தது. எஞ்சியது வெள்ளையர் நன்கொடை. தம் கையாற் கல் சுமந்தும் நிலம் ஈந்தும் எழுப்பிய பள்ளியை ஊரார் தமதென்றே பேணினர். எனினும், வரி செலுத்திய ஏழைகளே மீண்டும் நன்கொடையும் செலுத்த நேர்ந்தது அநீதியன்றோ எனும் குறை கூறப்படுவதும் உண்டு; அது தள்ளத்தக்கதன்று.

கொடுத்ததோடு அவர் அமைந்தாருமல்லர். 1919-இல் நிபுணரொருவர் பள்ளிகளை நேரிற் பார்வையிட்டுக் கட்டட வேலையின் குறைகளை எடுத்துக்காட்டினார். உடனே, 1920-இல், மேற்பார்வைக் காரியாலயம் நாஷ்வில் நகருக்கு மாற்றப்பட்டது. மின்விளக்கில்லாத ஊர்களிலும் வகுப்பறைகளிற் போதிய வெளிச்சம் விழுமாறு சாளரங்களின் திசை முதலியவற்றை வரையறுத்த மாதிரிப் படங்கள் வெளியாயின. பழுதைப் பிறர் கூறக்கேட்டுச் சினவாது திருத்திக்கொண்டதே அத்தர்மத்தின் பெருமையாகும்.

1917-இல் நிறுவிய தமது நிதிக்கு 1928-இல் அவர் விதித்த விதியோ வியப்பிற்குரியது. தமது மரணத்திற்குப்பின் 25 ஆண்டுகளுக்குள் வட்டியேயன்றி முதலும் செலவாகித் தீரவேண்டுமென்பதே அது. ஒவ்வொரு தலைமுறைக்கும் அதற்குரிய குறைகளும் அதற்குரிய வள்ளல்களும் உண்டாகலின், முதலைப் பூட்டிவைத்துக் காப்பது தர்மத்தைக் காப்பதாகாது என்பது அவர் கொள்கை. அவர் 1932-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி காலமானார். நிதியோ ஒரே கம்பெனியின் பங்குகளில் முடங்கிக் கிடந்தமையின், 1929-இன் பங்குச்சந்தை வீழ்ச்சியால் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. ஆயினும் நிலைபெற்று, கலைஞர்க்கும் அறிஞர்க்கும் உதவித்தொகை ஈந்து, குறித்த தவணைக்கு முன்னரே 1948-இல் தன் பணியை முடித்துக்கொண்டது. அப்பள்ளிகளால் கறுப்பினச் சிறுவர்க்கும் வெள்ளையச் சிறுவர்க்கும் இடையே இருந்த கல்வி வேற்றுமை கணிசமாகக் குறைந்ததென்று 2011-இல் வெளியான பொருளாதார ஆராய்ச்சியொன்று காட்டுகின்றது.

சங்கத்து அங்கத்தினரே! முதல் குறையாதிருப்பதொன்றையே நிதியின் சிறப்பாகப் பாராட்டுவது நம்மிடையே வழக்கமாய்விட்டது. இவ்வாண்டு எத்தனை மாணவர் படிப்பை முடித்தனர், எவர் இடையில் நின்றனர், ஏன் நின்றனர் என்னும் கணக்கையும் வரவு செலவுக் கணக்கோடு ஆண்டுக் கூட்டத்திற் படித்தல் வேண்டாவோ? யூதராய்ப் பிறந்த ஒருவர் தம்மினத்தாரல்லாத ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி எழுப்பினார். நம் அறமும் நம் குலத்தளவில் நின்றுவிடாது, அண்டை வீட்டு ஏழைச் சிறுவனையும் நோக்குவதாகுக.