தம் கரத்தை முதலில் நீட்டிய தலைவர்



ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தேங்கும் தென்பெண்ணை நீர், நந்தி மலையில் பிறந்து, கர்நாடக மண்ணைக் கடந்து நம்மிடம் வருவதாகும். அவ்வட்டார மக்களுக்குப் பெங்களூர் அயலூர் அன்று. காலையில் வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்பும் தொலைவில் உள்ள நகரம். ஆற்றைப் போலவே கொள்ளைநோயும் எல்லைக்கல்லைக் கண்டு நிற்பதில்லை. 1898 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பெங்களூரில் பிளேக் நோய் புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எஞ்சியவர்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டு ஓடினர். அந்நாளைய அச்சத்திற்குச் சாட்சியாக, பிளேக் அம்மனின் பெயரால் எழுந்த கோயில்கள் அந்நகரில் இன்றும் உள்ளன.

பெங்களூருக்கு வருவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே அந்நோய் பம்பாயைப் பிடித்தாட்டத் தொடங்கிவிட்டது. அங்கே மக்களின் அச்சத்தையும் ஐயத்தையும் அகற்றுவதற்காக, இருபது வயதுகூட நிரம்பாத ஓர் இளைஞர் செய்த காரியத்தை இவ்வாரம் காண்போம். அவர்தாம் பின்னாளில் உலகம் அறிந்த மூன்றாம் ஆகாகான், சர் சுல்தான் முகம்மது ஷா அவர்கள். அவர் இஸ்மாயிலிப் பிரிவினரின் தலைவர். அப்பிரிவினரின் கொள்கைக்கும் நம்முடைய கொள்கைக்கும் உள்ள வேறுபாடு நீங்கள் அறிந்ததே. அதனை ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. நன்மை எவரிடத்தில் காணப்பட்டாலும் அதனைச் சொல்லிப் படிப்பினை பெறுவதே நோக்கம்.

ஆகாகான் அவர்கள் 1877 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் நாள் கராச்சியில் பிறந்தார்கள். 1885 இல் தந்தை காலமாகிவிட, ஏழு வயதுச் சிறுவர் பெரும் சமூகம் ஒன்றின் தலைமையை ஏற்க நேர்ந்தது. ஈரான் நாட்டுப் பெண்மணியாகிய அவருடைய அன்னையார், மகனின் கல்வியையும் குடும்பத்தின் நிர்வாகத்தையும் திறம்படக் கவனித்து வளர்த்தார்கள்.

1896 ஆம் ஆண்டு செப்டம்பரில் பம்பாயின் மாண்டவிப் பகுதியில் பிளேக் தோன்றியது. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி இந்நோயைக் கொண்டுவருகிறது என்பது அன்று எவருக்கும் தெரியாது. அரசாங்கம் 1897 இல் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. அதிகாரிகள் வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்டனர், நோயாளிகளை மருத்துவமனைக்கும், உடனிருந்தோரை முகாமுக்கும் கொண்டு சென்றனர், உடைமைகளைத் தீயிலிட்டனர்.

கோஷா காக்கும் பெண்கள் வாழும் இல்லத்தில் அந்நிய ஆடவர் நுழைந்து நோய்க்குறி தேடினால், அக்குடும்பத்தாரின் உள்ளம் என்ன பாடுபடும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்! மருத்துவமனைக்குச் சென்றவர் உயிரோடு திரும்பமாட்டார் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. நோயுற்றவர்களை உறவினரே மறைத்து வைத்தனர். பூனாவில் பிளேக் தடுப்புக்குப் பொறுப்பேற்றிருந்த அதிகாரி ராண்டு 1897 ஜூனில் சுடப்பட்டு, சில நாள்களில் இறந்தார். 1898 மார்ச் மாதம் பம்பாயில் முஸ்லிம் நெசவாளர்கள் வாழ்ந்த பகுதியில், நோயுற்ற ஒரு பெண்ணைக் கொண்டுசெல்ல முயன்றதால் மூண்ட கலவரம் உயிர்ச்சேதத்தில் முடிந்தது.

இத்தகைய சூழ்நிலையில்தான் வால்டெமர் ஹாஃப்கின் என்னும் அறிஞர் பிளேக்குக்குத் தடுப்பூசி கண்டார். ஒடெஸ்ஸா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், காலராவுக்கான தடுப்பூசியுடன் 1893 இல் இந்தியா வந்தவர். பிளேக் ஊசியை 1897 ஜனவரி 10 ஆம் நாள் தம் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்டார். இந்நாட்டு மக்களின் சமய உணர்வை மதித்து, கிருமியை வளர்க்கும் சாற்றினை ஆட்டிறைச்சியிலிருந்து தயாரிக்கவும் ஏற்பாடு செய்தார். ஆயினும் அம்மருந்தை மக்கள் நம்பவில்லை. வீட்டைச் சோதனையிடும் அரசாங்கமே கொடுக்கும் ஊசியை எவ்வாறு நம்புவது என்று தயங்கினர்.

இங்கேதான் ஆகாகான் அவர்கள் முன்வந்தார்கள். தமக்குச் சொந்தமான விசாலமான மாளிகை ஒன்றை ஹாஃப்கினின் ஆராய்ச்சிக்காக ஒப்படைத்தார்கள். அதனினும் மேலாக, பலரும் காணும்படி தாமே ஊசி போட்டுக்கொண்டார்கள். அதுவும் ஒருமுறை அன்று, பலமுறை. ஊசி போட்டுக்கொண்ட தலைவர் நலமுடன் நடமாடுவதைச் சமூகத்தார் தம் கண்ணால் கண்டனர். அச்சம் தணிந்தது. கோஜாக்கள் ஆயிரக்கணக்கில் முன்வந்து ஊசி போட்டுக்கொண்டனர். அவர்களிடையே பிளேக்கின் சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

மக்களின் அச்சம் முற்றிலும் வீணானது என்று நாம் எண்ணிவிடலாகாது. 1902 ஆம் ஆண்டு பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில், ஒரே புட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்டவர்களுள் 19 பேர் வில்வாத நோய்க்கு இரையாயினர். பழி ஹாஃப்கின் மீது விழுந்தது. அவர் பதவியை இழந்தார். அப்புட்டியைத் திறந்த இடத்தில்தான் நஞ்சு கலந்தது என்பதற்கான காரணங்களை அறிஞர்கள் எடுத்துரைத்த பின்னர், 1907 இல் அவர்மீதிருந்த களங்கம் நீங்கியது. அவர் நடத்திய பம்பாய் ஆய்வுக்கூடம் 1925 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆகவே, ஐயுறுவோரை அறிவிலிகள் என்று ஏசுவதால் பயனில்லை. அவர்களுக்குத் தேவை அதட்டல் அன்று. நம்பத்தக்க ஒருவரின் துணையாகும்.

ஆகாகான் அவர்களின் பிற்கால வாழ்வும் பொதுப்பணியிலேயே கழிந்தது. 1906 அக்டோபரில் வைசிராயைச் சிம்லாவில் சந்தித்த முஸ்லிம் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் டாக்காவில் உருவான முஸ்லிம் லீகின் தலைவராக விளங்கினார்கள். அலிகார் கல்லூரி பல்கலைக்கழகமாக உயர்வதற்கு ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார்கள். 1937 இல் சர்வதேச சங்கத்தின் பேரவைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பூனாவில் அவர்கள் கட்டிய மாளிகையில்தான் 1942 முதல் 1944 வரை காந்தியடிகள் சிறைவைக்கப்பட்டிருந்தார். 1957 ஜூலை 11 ஆம் நாள் சுவிட்சர்லாந்தில் காலமான ஆகாகான் அவர்களின் உடல் எகிப்து நாட்டு அஸ்வானில் அடக்கம் செய்யப்பட்டது.

வாசகர்களே! இத்தனை சிறப்புகளுக்கிடையே, பம்பாயில் அவர் நீட்டிய அக்கரத்தையே நாம் முதன்மையாக நினைவிற்கொள்ள வேண்டும். கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறி ஓடவும் வேண்டாம் என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய காலத்தில் கலீபா உமர் (ரலி) அவர்கள் அந்நாட்டின் எல்லையிலிருந்தே திரும்பினார்கள். இறைவிதியின் மீது நம்பிக்கை கொள்வதும், தற்காப்பைத் தேடுவதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்பதை அச்செயல் நமக்கு விளக்குகிறது.

2020 இல் கொரோனா வந்தபோது, ஓசூரின் எல்லைச் சாவடியில் போக்குவரத்து அடைபட்டதை நாம் கண்டோம். அடுத்த ஆண்டு தடுப்பூசி வந்தபோது, பம்பாயில் நூறாண்டுகளுக்கு முன் எழுந்த அதே ஐயங்கள் நம் தெருக்களிலும் எழுந்தன. நாளை வேறொரு நோய் வரலாம். அன்று மஹல்லாவின் முத்தவல்லியும் இமாமும், வீட்டின் பெரியவரும் என்ன செய்கிறார்கள் என்றே மற்றவர்கள் பார்ப்பார்கள். மக்கள் நம்மீது வைக்கும் நம்பிக்கை ஓர் அமானிதம். கேள்விப்பட்ட செய்தியையெல்லாம் ஆராயாமல் பரப்புவது அந்த அமானிதத்திற்குச் செய்யும் மோசடியாகும். அறிந்தோரிடம் கேட்டுத் தெளிந்து, நலமானதைத் தாமே முதலில் செய்து காட்டுவதே அதனைப் பேணும் முறையாகும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் கொடிய நோய்களிலிருந்து காத்து, பிறருக்குப் பயன்படும் நன்மக்களாக வாழச் செய்வானாக! ஆமீன்.