ஒட்டு எங்கே? – ரைன்ஹார்ட் மன்னெஸ்மனின் கதை

திருத்தணின்னு சொன்னதும் எல்லாருக்கும் ரெண்டு பேர்தான் ஞாபகத்துக்கு வருவாங்க. ஒருத்தர் 365 படி ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய முருகன். இன்னொருத்தர் 1888-ல் இங்கே பிறந்து குடியரசுத் தலைவர் ஆன ராதாகிருஷ்ணன். இந்தக் கட்டுரை ரெண்டு பேரைப் பத்தியும் இல்லை. திருத்தணியைக் கேள்விப்பட்டே இருக்காத ஒரு ஜெர்மன்காரரைப் பத்தி. ஆனால் எனக்கு அவர் அறிமுகமானது திருத்தணியில், எங்க வீட்டு நடுக்கூடத்தில்.

2021 மே மாதம். நான் பத்தாவது. கொரோனா வந்து தேறிய பெரியப்பாவுக்கு மூச்சு மட்டும் சரியாகவில்லை. ஆக்சிஜன் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். குட்டி யானை வண்டியில் ஒரு பெரிய சிலிண்டர் வந்து இறங்கியது. கருப்பு உடம்பு, வெள்ளைத் தோள். ரெண்டு பேர் அதைச் சாய்த்து, அடிப்பக்கத்தால் உருட்டிக்கொண்டே உள்ளே கொண்டுவந்தார்கள். அதில் 7 கன மீட்டர் ஆக்சிஜன், அதாவது 7,000 லிட்டர். நிமிஷத்துக்கு 5 லிட்டர் என்று திறந்தால் 1,400 நிமிஷம், கிட்டத்தட்ட ஒரு நாள் வரும். அந்தக் கணக்கை அன்றைக்கு ராத்திரி எத்தனை தடவை போட்டேன் என்று எனக்கே தெரியாது.

தூக்கம் வராமல் சிலிண்டர் மேல் கையை ஓட்டிப் பார்த்தேன். சமையலறை கேஸ் சிலிண்டரின் இடுப்பைச் சுற்றி ஒரு வெல்டிங் கோடு இருக்கும், பார்த்திருப்பீங்க. ரெண்டு கிண்ணத்தைக் கவிழ்த்து ஒட்டியது மாதிரி. இதில் மேலிருந்து கீழே வரை தேடியும் ஒட்டு கிடைக்கவில்லை. இதை எப்படித்தான் செய்திருப்பார்கள்?

பதில் தெரிந்தது மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டில். பதிலின் பெரும்பகுதிக்கு ஒரு பெயர் இருந்தது: மன்னெஸ்மன்.

முதலில், ஒட்டு இருந்தால் என்ன?

சமையல் கேஸ் லேசான அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். அதனால் அந்த சிலிண்டருக்குச் சில பார் அழுத்தம்தான். வெல்டிங் தாங்கும். ஆக்சிஜன் அப்படி இல்லை. சாதாரண வெப்பநிலையில் எவ்வளவு அமுக்கினாலும் அது வாயுதான். நிறைய அடைக்க வேண்டுமானால் 150 பார் வரை அமுக்கியே ஆக வேண்டும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 150 கிலோ. கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் ரெண்டு ஆள் ஏறி நிற்கிற மாதிரி.

இப்போ நம்ம ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்துக்கு வாங்க. மெல்லிய சுவர் உருளையில் சுற்றளவுத் தகைவு = அழுத்தம் × விட்டம் ÷ (2 × தடிமன்). நீளவாக்குத் தகைவு அதில் சரிபாதி. விட்டம் 230 மி.மீ., சுவர் 6 மி.மீ. என்று வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்க, சுமார் 290 மெகாபாஸ்கல் வரும். சாதாரண மைல்ட் ஸ்டீல் 250-லேயே இளக ஆரம்பித்துவிடும்.

தகட்டைச் சுருட்டி ஒட்டினால் ஒட்டு நீளவாக்கில் ஓடும். அந்த ஒட்டைப் பிய்க்க வருவது ரெண்டில் பெரிய தகைவு. பலவீனமான இடம் எதுவோ, அங்கேதான் அதிக இழுப்பு. 19-ஆம் நூற்றாண்டின் குழாய்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்யப்பட்டன. 1825-ல் இங்கிலாந்தில் கொர்னீலியஸ் வைட்ஹவுஸ் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை இழுத்து, சுருட்டி, விளிம்பை ஒட்டவைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். தெருவிளக்கு கேஸுக்கு அது போதும். உயர் அழுத்தத்துக்குப் போதாது.

அரம் செய்கிற வீட்டுப் பிள்ளை

ரைன்ஹார்ட் மன்னெஸ்மன் 1856 மே 13 அன்று ஜெர்மனியின் ரெம்ஷைட் ஊரில் பிறந்தார். ரம்பம், உளி, அரம் என்று கைக்கருவி செய்தே பிழைத்த மலையோர ஊர் அது. எக்ஸ்-ரே கண்டுபிடித்த ரோன்ட்கன் பிறந்த லென்னெப்பும் இன்றைக்கு ரெம்ஷைட்டின் ஒரு பகுதிதான்.

அப்பாவுக்கும் ரைன்ஹார்ட் என்றே பெயர். அவர் நடத்தியது அரம் தயாரிக்கும் ஆலை. ஆறு ஆண் பிள்ளைகள். மூத்தவர் நம்ம ரைன்ஹார்ட். எல்லா வேலையிலும் கூட நின்றவர் தம்பி மாக்ஸ்.

அரத்துக்கு நல்ல எஃகு வேண்டும். எஃகுத் தண்டை உருளைகளுக்கு நடுவே உருட்டி எடுக்கும்போது ஒரு தொல்லை இருந்தது. சில சமயம் தண்டின் நடு மையம் மட்டும் தளர்ந்து, விரிசல் விட்டுவிடும். வெளியே பளபளப்பு, உள்ளே ஓட்டை. ஆலைக்காரர் பார்வையில் அது கழிவு. தூக்கிப் போட வேண்டியதுதான்.

அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அதைத் தூக்கிப் போடவில்லை. உருட்டினால் நடுவில் ஓட்டை விழுகிறது என்றால், வேண்டுமென்றே விழ வைத்தால் என்ன என்று யோசித்தார்கள். எனக்கு இந்த வாழ்க்கையிலேயே பிடித்த இடம் இதுதான். நம்ம லேபில் ரீடிங் தப்பா வந்தால் பக்கத்து பெஞ்சைப் பார்த்துத் திருத்துவோம். அவர்கள் தப்பா வந்ததையே உட்கார்ந்து பார்த்தார்கள்.

குறையே வழியானது

கொழுக்கட்டை மாவை உருண்டையாக்கி மேலும் கீழும் அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும் இல்லையா? ஒரு பக்கம் அமுக்கம், அதற்குக் குறுக்கே இழுப்பு. இப்போ அமுக்கிக்கொண்டே உருட்டினால், நடு மையம் ஒவ்வொரு திசையிலும் மாறி மாறி இழுபடும். கடைசியில் அங்கேதான் முதலில் கிழியும்.

மன்னெஸ்மன் சகோதரர்கள் ரெண்டு உருளைகளை ஒரே திசையில் சுற்றவிட்டு, அவற்றின் அச்சுகளைக் கொஞ்சம் குறுக்காகச் சாய்த்தார்கள். நடுவே சுமார் 1,200 டிகிரியில் பழுத்த எஃகுத் தண்டு. சாய்வினால் தண்டு சுற்றிக்கொண்டே முன்னாலும் போகும், திருகாணி மாதிரி. மையம் தளர்கிற இடத்தில் ஒரு கூர்முனைக் கட்டை காத்துக்கொண்டிருக்கும். தண்டு அதன் மேல் ஏற ஏற, ஓட்டை சீராக விரியும். உள்ளே போனது திடத் தண்டு, வெளியே வருவது குழாய். எங்கேயும் ஒட்டு கிடையாது, ஏனென்றால் எதையுமே ஒட்டவில்லை.

1885-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார் ரைன்ஹார்ட். அப்போது அவருக்கு வயது 28, 29. இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் இந்த நிகழ்வுக்கு மன்னெஸ்மன் விளைவு என்றே பெயர். கினமேட்டிக்ஸ் பாடத்தில் நாம் சந்திக்கிற ஃபிரான்ஸ் ரூலோ, இந்த முறையை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர்.

பாதயாத்திரைக்காரர் நடை

ஆனால் வந்த குழாய் தடிமனாக இருந்தது. விற்கிற மாதிரி மெல்லிசாக, நீளமாக இல்லை. 1890 வாக்கில் சகோதரர்கள் அடுத்த படியைக் கண்டுபிடித்தார்கள். வெட்டுமுகம் மாறிக்கொண்டே போகும் பள்ளம் உள்ள உருளைகள் தடிக் குழாயைக் கவ்வி, நசுக்கி, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளும். பிறகு குழாயைத் திருப்பி, முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாக முன்னுக்குத் தள்ளுவார்கள். மறுபடி கவ்வும். இப்படி முன்னும் பின்னுமாகப் போய்ச் சுவர் மெலியும், நீளம் கூடும்.

இதற்குப் பெயர் பில்கர் முறை. பில்கர் என்றால் ஜெர்மன் மொழியில் யாத்திரிகர். லக்ஸம்பர்க் நாட்டின் எக்டர்நாக் ஊரில் பக்தர்கள் அந்தக் காலத்தில் சில அடி முன்னே, சில அடி பின்னே என்று ஆடிக்கொண்டே போன ஓர் ஊர்வலம் உண்டு. அந்த நடையைப் பார்த்து வைத்த பெயர். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடிக்கிருத்திகைக்கு எங்க ஊரில் காவடி எடுத்து ஆடுகிறவர்களை ஒரு நிமிஷம் பாருங்க. முன்னே ரெண்டு அடி, பின்னே ஓரடி. ஆனாலும் மலை ஏறிவிடுவார்கள்.

ஆலை கிடைத்தது, கை நழுவியது

1887-க்கும் 1889-க்கும் நடுவில் ரெம்ஷைட், பூஸ், பொஹீமியாவின் கொமோட்டாவ், வேல்ஸின் லாண்டோர் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. 1890 ஜூலையில் எல்லாவற்றையும் சேர்த்து பெர்லினில் ஒரே நிறுவனம் ஆக்கினார்கள். மூலதனம் 35 மில்லியன் மார்க். பின்னால் நின்றது சீமென்ஸ் குடும்பமும் டாய்ச்ச வங்கியும். நிர்வாகத்தின் தலைமையில் ரைன்ஹார்டும் மாக்ஸும்.

வெளியிலிருந்து பார்த்தால் கதை இங்கே சுபம். உள்ளே அப்படி இல்லை. பட்டறையில் பத்து தடவை சரியாக வந்தது, ஆலையில் ஆயிரம் தடவை சரியாக வரவில்லை. கழிவு அதிகம். சொன்ன தேதிக்குச் சரக்கு போகவில்லை. பணம் போட்டவர்களோடு உரசல் வளர்ந்தது. 1893-ல் ரெண்டு பேரும் நிர்வாகத்திலிருந்து வெளியேறினார்கள். ரைன்ஹார்டுக்கு அப்போது 37 வயதுகூட நிறைந்ததோ இல்லையோ என்கிற பருவம். நிறுவனம் டுஸல்டார்ஃபுக்குப் போய், வேறு பொறியாளர்கள் கையில் மெல்ல மெல்லத் தேறியது. பெயர்ப் பலகையில் மட்டும் மன்னெஸ்மன் நின்றது.

ஸ்டார்ட்அப் கனவு காண்கிற நம்ம ஆட்கள் இந்தப் பத்தியை ரெண்டு தடவை படிக்கலாம். கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதைத் தினமும் தவறாமல் செய்ய வைப்பது இன்னொரு வேலை. முதல் வேலையில் மேதையாக இருந்தவர், இரண்டாவதில் தோற்றார்.

அவர் ஓயவில்லை. கேஸ் விளக்கு, வாகனம் என்று குடும்பம் பல தொழில்களில் இறங்கியது. பிறகு மொராக்கோவின் இரும்புத் தாது மீது கண் வைத்து, அந்த நாட்டு சுல்தானிடம் சுரங்க உரிமை வாங்கினார். அது பிரெஞ்சுக்காரர்களோடு பெரிய தகராறாகி, ஐரோப்பிய அரசியலையே சூடாக்கியது. இன்னொருத்தர் மண்ணை இப்படிப் பங்கு போட்டதை நாம் பாராட்ட வேண்டியதில்லை. முதல் உலகப் போர் அந்த முயற்சியையும் முடித்துவைத்தது. மாக்ஸ் 1915-ல் இறந்தார். ரைன்ஹார்ட் 1922 பிப்ரவரி 20 அன்று, பிறந்த ரெம்ஷைட்டிலேயே கண் மூடினார்.

குழாய் சிலிண்டர் ஆனது

ஒட்டில்லாத குழாய் சைக்கிளுக்கும் கொதிகலனுக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் போனது. கூடவே கேஸ் சிலிண்டருக்கும். 1895-ல் லிண்டே காற்றைத் திரவமாக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு ஆக்சிஜன் மலிவானது, அதை அடைக்கப் பாத்திரம் தேவைப்பட்டது.

செய்முறை இதுதான். குழாயை அளவாக வெட்டி, ஒரு முனையைப் பழுக்கக் காய்ச்சிச் சுழற்றிக்கொண்டே அழுத்தினால், பானைக்கு அடி கூடுகிற மாதிரி மூடிக்கொள்ளும். மறுமுனையை அதே போலக் குவித்துக் கழுத்து எடுப்பார்கள். பிறகு தோய்த்துப் பதமாக்கி, வேலை அழுத்தத்தைவிட அதிக அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றிச் சோதிப்பார்கள். ஏன் தண்ணீர்? தண்ணீர் அமுங்காது. ஒருவேளை விரிசல் விட்டாலும் வெடித்துச் சிதறாது.

எல்லா சிலிண்டரும் குழாயிலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1891-ல் ஹைன்ரிக் எர்ஹார்ட் என்ற இன்னொரு ஜெர்மன்காரர், சூடான எஃகுக் கட்டையில் முளையை இறக்கிக் கிண்ணமாக்கி நீட்டும் முறையைக் கொண்டுவந்தார். அதில் அடிப்பாகம் தானாகவே மூடியிருக்கும். தகட்டை ஆழமாக இழுத்தும் செய்கிறார்கள். மூன்று வழிக்கும் விதி ஒன்றுதான்: ஒட்டு கூடாது.

நம்ம ஊரிலும் இந்தத் தொழிலின் உறவு இருக்கிறது. திருச்சி பெல் நிறுவனத்தில் ஒட்டில்லாத எஃகுக் குழாய் ஆலையே தனியாக உண்டு. அங்கே வருவது கொதிகலன் குழாய். சான்ஸ் கிடைத்தால் இன்பிளான்ட் டிரெயினிங் போய்ப் பாருங்க.

மன்னெஸ்மன் என்ற பெயர் கடைசியில் எங்கே போனது தெரியுமா? அந்த நிறுவனம் 1990-களில் செல்போன் தொழிலில் இறங்கியது. 2000-ல் வோடஃபோன் அதைச் சுமார் 18,000 கோடி யூரோவுக்கு வளைத்துப் போட்டது. குழாய்ப் பிரிவு ஜால்ஸ்கிட்டர் என்ற எஃகு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது.

2021-ல் சிலிண்டர் பற்றாமல், நைட்ரஜனும் ஆர்கானும் அடைத்துவைத்த சிலிண்டர்களைக்கூடச் சுத்தம் செய்து ஆக்சிஜனுக்கு மாற்றச் சொன்னார்கள். அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அவையும் அதே மாதிரி ஒட்டில்லாத கெட்டி எஃகு என்பதுதான்.

எங்க பெரியப்பா பதினோரு நாள் அந்த சிலிண்டரோடு இருந்தார். இப்போ நல்லா இருக்கிறார். போன ஆடிக்கிருத்திகைக்குப் பாதிப் படி ஏறி, உட்கார்ந்து, மீதிப் படியும் ஏறினார். திருவிழாக் கடைகளில் பலூன்காரர் பக்கத்தில் ஏதாவது சிலிண்டர் நின்றால் எனக்கு இப்பவும் ஒரே பழக்கம்: கண் தானாக ஒட்டைத் தேடும். வெல்டிங் கோடு தெரிகிற பழைய டப்பாவில் உள்ளூரிலேயே கேஸ் தயாரித்து அடைக்கிறார்கள் என்று தெரிந்தால், தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு நாலு கடை தள்ளி நிற்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்க.