சகோதரி சுப்பலட்சுமி

சுப்புலட்சுமி என்ற பெயரைக் கேட்டதும் நம் காதில் தம்புரா ஒலிக்கும். இசைக்கு ஒரு சுப்புலட்சுமி வாய்த்ததுபோல், ஈர நெஞ்சுக்கும் ஒரு சுப்பலட்சுமி நமக்கு வாய்த்திருந்தார். அவர் வரலாற்றை நான் தேடிப் படித்தது அறிவு வேட்கையால் அன்று, வெட்கத்தால்.

ஜனக்புரியில் ஒரு பூங்கா. ஞாயிறு காலைதோறும் பணி ஓய்வு பெற்ற தமிழ்ப் பெரியவர் சிலர் அங்கே பாய் விரித்து அமர்வார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளும், துணி தேய்த்துப் பிழைப்போரின் குழந்தைகளும் சுற்றி உட்காருவார்கள். கணக்கும் எழுத்தும் நடக்கும், கதையும் நடக்கும். நானும் ஆர்வத்தோடு சென்றேன். மூன்று ஞாயிறு போனேன். நான்காம் ஞாயிறு தேர்வு வந்தது. பிறகு சோம்பல் வந்தது. இரண்டு மாதம் கழித்துச் சென்றபோது, ஒரு சிறுமி நான் கொடுத்துவிட்டுப் போன வகுத்தல் கணக்குகளை நீட்டினாள். எல்லாம் செய்து முடித்திருந்தாள். திருத்தித்தான் யாரும் கொடுக்கவில்லை. வேறு யாரிடமும் அவள் காட்டவில்லையாம்; கொடுத்தவர் வரட்டும் என்று வைத்திருந்தாளாம். அங்கே பாடம் சொல்லும் மாமி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சகோதரி சுப்பலட்சுமியின் வாழ்க்கையைப் படித்துப் பார் என்று மட்டும் சொன்னார்.

படித்தேன். நண்பர்களே, உங்களுக்கும் அதைச் சொல்கிறேன்.

1886ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். பதினோரு வயதில் மணம். விரைவிலேயே கணவர் மறைந்தார். அக்காலத்து அந்தணர் குடும்பத்தில் அதன் பொருள் என்ன? தலை மழிப்பு, மூலை அறை, ஒருவேளை உணவு, நல்ல காரியங்களில் எதிரே வரக்கூடாத முகம். ஆனால் தந்தை சுப்பிரமணிய ஐயர் பொறியாளர். ஊரார் பேச்சைப் பொருட்படுத்தாமல் மகளைப் படிக்க வைத்தார். வீட்டிலேயே இன்னொருவரும் இருந்தார்: தாயின் தங்கை வாலாம்பாள். பிள்ளையில்லாக் கைம்பெண்ணான அந்தச் சித்தி, அக்காள் மகளைத் தன் மகளாக்கிக் கொண்டார்.

1911இல் சுப்பலட்சுமி மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவரே என்பர். புகழ் கிடைத்தது, வேலை கிடைக்கும், நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் என்ன செய்தார்? தம்மைப் போன்ற இளங்கைம்பெண்கள் நால்வரை எழும்பூர் வீட்டில் சேர்த்துக்கொண்டு படிப்பிக்கத் தொடங்கினார். 1912இல் சாரதா மகளிர் சங்கம் பிறந்தது. அரசின் உதவியும் வந்தது. சிறுமிகள் பெருகவே, விடுதி கடற்கரையோரம் இருந்த ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. ஒருகாலத்தில் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமித்த கட்டடம், தாய்வீட்டில் இடமற்ற பெண்களுக்கு வீடாயிற்று. சமையலையும் குழந்தைகளையும் கவனித்துக் கொண்டவர் அதே சித்திதான். பட்டம் பெற்றவர் பாடம் சொன்னார். சித்தி தலை வாரினார், சோறு ஊட்டினார். இரண்டும் சேர்ந்ததால்தான் அது இல்லமாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

1922இல் லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல் தலைவியானார். கைம்மை என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் ஆசிரியைகளாகி, ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்கள். 1927இல் சாரதா வித்யாலயம் தோன்றியது. அது இன்றும் தியாகராய நகரில் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பில் நடந்து வருகிறது.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த விடுதி அந்தணப் பெண்களுக்கே உரியதாக இருந்தது. பொதுவிடுதி என்றால் அக்குடும்பங்கள் பெண்களை அனுப்பியிருக்க மாட்டா என்பது காரணமாகக் கூறப்பட்டது. காரணம் உண்மையே, ஆயினும் கதவுக்கு வெளியே நின்ற மற்றக் குழந்தைகளின் துயரமும் உண்மையே.

ஆனால் அவர் வாழ்க்கை அந்தக் கதவோடு முடியவில்லை. ஓய்வு பெற்றவர் ஓயவில்லை. படிக்கும் வயதைக் கடந்த பெண்களுக்காக 1942இல் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் தொடங்கினார். 1952 முதல் 1956 வரை சட்டமன்ற மேலவையில் இருந்தார். 1954இல், 68 வயதை ஒட்டிய நிலையில், தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் சிற்றூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நலமையம் அமைக்க உழைத்தார். பேரப்பிள்ளைகளோடு பொழுது போக்கும் வயதில், அவர் ஊரார் பிள்ளைகளைப் பேரப்பிள்ளைகளாக்கிக் கொண்டார். இளமையில் நான்கு பெண்களோடு தொடங்கிய வட்டம் முதுமையில் விரிந்துகொண்டே போயிற்று. 1956இல் மயிலாப்பூர் மகளிர் மன்றத் தலைவியாக அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய வித்யா மந்திர். 1958இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1969 டிசம்பரில் மறைந்தார்.

இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது பட்டமும் அன்று, விருதும் அன்று. 1911 முதல் 1969 வரை 58 ஆண்டுகள்! அத்தனை காலமும் அவர் போய்விடவில்லை என்பதே பெரிது. ஆதரவற்ற குழந்தைக்கு முதலில் வேண்டியது அறிவாளி அன்று; நாளையும் வருகின்ற ஒருவர். பலர் கைவிட்ட குழந்தைக்கு நாமும் வந்து, சிரித்து, பாடம் சொல்லி, பின் வராமற்போனால், நாம் உதவி செய்தவர்கள் அல்லோம். கைவிட்டவர்களின் எண்ணிக்கையில் ஒன்று கூட்டியவர்களே.

நம் படிப்பும் தேர்வும் நமக்கு முக்கியந்தான். அதனால் முடியாததை ஏற்க வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் முடியுமென்றால் அந்த ஒன்றைச் சொல்லிவிட்டுத் தவறாமல் செல்வோம். முதியவர்கள் முதுகு வலியோடு பாய் விரிக்கும் இடத்தில், பாயை நாம் விரித்தாலும் போதும்.

நான் சென்ற ஞாயிறு ஜனக்புரி போனேன். அந்தச் சிறுமியின் கணக்குகளைத் திருத்தினேன். பன்னிரண்டில் பத்து சரி. மீதி இரண்டை வரும் ஞாயிறு பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.